நீர் போகும் வழி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

"தண்ணிக்கு வழி விடாத கட்டடம் தங்காது" என்பார் என் தந்தை. கொத்தனாரான அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. நானோ எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். ஆகவே அவர் சொல்வது அனுபவம், நான் சொல்வதே அறிவியல் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் உடைந்த கதை இது.

எங்கள் ஊர் மாதா கோயில் மிகப் பழையது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சல்லி போட்டு, தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்' கூரை. சென்ற மழைக்காலத்தில் பூசை நடக்கும்போதே பீடத்தின் மேல் நீர் சொட்டியது. சுவரெல்லாம் உப்புப் பூத்தது. கோடை விடுமுறையில் பங்குச் சாமியார் அப்பாவை அழைத்தார்.

நான் தாளும் பேனாவும் எடுத்தேன். கூரை 60 அடி நீளம், 30 அடி அகலம். ஏறத்தாழ 167 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் நீர். மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டினால் 8,350 லிட்டர்! "இருக்கும் ஆறு தூம்புகள் போதா, பெரிய குழாய்கள் வேண்டும்" என்று முழங்கினேன். சாமியாரும் தலையசைத்தார்.

அப்பா மறுத்துப் பேசவில்லை. ஒரு குடம் நீரைக் கூரையின் நடுவில் ஊற்றினார். "எங்க போகுதுன்னு பாரு தம்பி" என்றார். நீர் தூம்பை எட்டவே இல்லை. பாதி வழியில் குளமாக நின்றது. முன்பொரு முறை ஒழுக்கை அடைக்க யாரோ போட்ட சிமெண்டுப் பூச்சினால் வாட்டம் கெட்டு, தூம்பின் வாய் தளத்தைவிட மேடாகிவிட்டது. சிமெண்டும் சுண்ணாம்பும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை. வெடிப்பில் இறங்கிய நீர், மேலே ஆவியாக வழியின்றிக் கட்டைகளை நனைத்தது. தளம் முழுவதும் ஓர் அங்குலம் தேங்கினாலே 4 டன்னுக்கு மேல் பாரம்! என் பேச்சைக் கேட்டிருந்தால் கோயில் பணமும் போயிருக்கும், ஒழுக்கும் நின்றிராது. வெட்கித் தலைகுனிந்தேன்.

பிறகு சித்தாளாக நின்றேன். சிமெண்டை அதிராமல் கொத்தி எடுத்தோம். இரண்டு தூம்புகளில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் நாள்கணக்கில் கட்டையால் தட்டினார்கள். பத்தடிக்கு இரண்டங்குல வாட்டம். நான் ரசமட்டம் வைக்குமுன் அப்பாவின் கண் அளந்துவிடும். தூம்புகளைச் சுவரைவிட்டு ஓரடி வெளியே நீட்டினார். பாரிஸ் நோட்ரடாம் பேராலயத்தில் வாய் பிளந்து நிற்கும் கல் விலங்குகளும் மழைநீரைச் சுவரில் படாமல் உமிழத்தான் என்று படித்திருக்கிறேன். அப்பா அதைப் படித்தவரல்லர்.

ஒரு மாலை கோடை மழை கொட்டியது. நான் பீடத்தருகே ஓடினேன். ஒரு சொட்டும் இல்லை. அப்பாவோ வெளியே நனைந்தபடி, ஆறு தூம்புகளும் கொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, என் கணக்கு பொய்யன்று. ஆனால் கூரையில் ஏறிப் பார்க்காமல் போட்ட கணக்கு. கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் 'கூலி' என்று எழுதினேன். இனி எழுத நேர்ந்தால் 'கொத்தனார்' என்று எழுதுவேன்.