இழுப்பறையின் உட்புறம்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் விண்டர்டூர் என்றொரு மாளிகை உண்டு. வெடிமருந்து ஆலைகளால் செல்வம் பெருக்கிய டூபாண்ட் குடும்பத்து ஹென்றி பிரான்சிஸ் டூபாண்ட் வாழ்ந்த வீடு. 1951-இல் அதனைக் காட்சிச்சாலையாக மக்களுக்குத் திறந்துவிட்டார். அறைகள் 175, பொருள்கள் ஏறத்தாழ 90,000. ஒரு மனிதருக்கு இத்தனை நாற்காலிகளா என்று கேட்பீர்கள், நண்பர்களே! நானும் அப்படிக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தேன்.

ஆனால் என்னைக் கட்டி நிறுத்தியவை இழுப்பறைகள். வெளியே பல ஊர்ப் பெட்டகங்களும் மகாகனிதான். கண்ணில் படாத அடிப்பலகைக்கும் பின்பலகைக்கும் தச்சன் தன் ஊரில் மலிவாய்க் கிடைத்த மரத்தைப் போட்டான். வெண்பைன் என்றால் பெரும்பாலும் பாஸ்டன் பக்கம். துலிப் பாப்லர் என்றால் பிலடெல்பியாவாக இருக்கலாம். கால்களும் பேசும். பந்தைப் பற்றிய பறவை நகம்போன்ற பாதத்தை மாசச்சூசெட்ஸ் தச்சர் செதுக்கினால் பக்கவிரல்கள் பின்னோக்கிச் சாயும். நியூபோர்ட்டின் டவுன்செண்ட், காடர்ட் குடும்பத்தாரின் சிறந்த வேலைகளிலோ நகத்துக்கும் பந்துக்கும் இடையே வெளிச்சம் தெரியும். நம் தேர்த்தச்சர் பார்த்தால் தலையசைப்பார்.

அந்த மகாகனி, ஜமைக்காவிலும் ஹோண்டுராஸ் கரையிலும் அடிமைகள் வெட்டிய மரம். பளபளக்கும் மேசையில் என் முகம் தெரிந்தபோது அதுதான் நினைவில் நின்றது.

பிறகு துணிகள். 18-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட 'பாலம்போர்' விரிப்புகளும் அந்தச் சேகரத்தில் உண்டு. படிகாரக் கரைசலால் கோலமிட்டு, சாயவேர் இட்ட கொப்பரையில் கொதிக்கவைத்துச் சிவப்பேற்றியவர்கள் நம் கரைத் தமிழரும் தெலுங்கருமே. முதலில் இலண்டன் வழியாகவே சென்ற சரக்கு அது. 1784-இல்தான் அமெரிக்கக் கப்பலொன்று நேரே புதுச்சேரிக்கு வந்தது.

"இதை எழுதியவர் பெயர் தெரியுமா?" என்று வழிகாட்டிய மாணவியிடம் கேட்டேன். தெரியாது என்றார். நாற்காலி செய்தவனின் தந்தை பெயர்வரை சற்றுமுன் சொன்னவர் அவர்! எனக்குச் சினம் வந்தது, அவர்மேல் அன்று. அவர்கள் தங்கள் இழுப்பறையைத் திருப்பிப் பார்த்தார்கள், நாம் பார்த்தோமா?

விடுமுறையில் ஊருக்குப் போனதும் அப்பத்தாவின் பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்தேன். மேலே தேக்கு, அடியில் மாம்பலகை.

"யார் அப்பத்தா செய்தது?"

"ஆசாரிதான். வேறு யார் செய்வார்?"