ரிச்சி தெருவில் ஒரு 24 இஞ்ச் ஸ்பீக்கர்

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் செல்போன், சிசிடிவி, லேப்டாப் என்று கடைக்குக் கடை கூப்பிடுவார்கள். அத்தனையையும் தாண்டி ஒரு மாடிப்படிக்கு அடியில், பத்துக்குப் பத்துகூட இல்லாத அறையில் ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றுகிறார் ஒரு பெரியவர். தெருவுக்கே அவர் பாய்தான். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கொண்டுவந்து போட்ட 15 இஞ்சும் 18 இஞ்சும் சுவரோரம் அடுக்கியிருந்தன. நான் போனது, மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்த ஒரு பழைய 24 இஞ்சைப் பார்க்க. ஒரு சேகரிப்பாளர் வீட்டிலிருந்து வந்தது. பெயர்ப்பட்டை எப்போதோ உதிர்ந்துவிட்டது.

“கையை வச்சுப் பாரு தம்பி. ரெண்டு உள்ளங்கையும் சமமா அழுத்தணும்” என்றார். அழுத்தினேன். உள்ளே மணலை அரைப்பதுபோல மெல்லிய ஒலி. “காயில் உரசுது. இத்தனை வருஷம் நின்ன வாக்குலயே நின்னு கோன் தொங்கிப்போச்சு.”

அடுத்த இரண்டு மணி நேரம் நான் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. பழைய கோனை பிளேடால் சுற்றி அறுத்தெடுத்தார். பிரேமில் ஒட்டியிருந்த காய்ந்த பசையைப் பொறுமையாகச் சுரண்டினார். காந்தத்தின் மேல் இரும்புத் தட்டுக்கும் நடு இரும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய வட்ட இடைவெளி இருக்கிறது. காயில், அதாவது கோனோடு ஒட்டிய கம்பிச்சுருள், அதற்குள்தான் ஏறி இறங்க வேண்டும். ஒட்டும் டேப்பை மடித்து அந்த இடுக்கில் விட்டு இழுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த இரும்புத்தூள் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருகிறது. தூள் வருவது நிற்கும்வரை இழுத்தார்.

பிறகு ஒரு பழைய எக்ஸ்ரே பிலிமை எடுத்துக் கத்தரியால் கீற்றுக் கீற்றாக வெட்டினார். காயில் நடுவில் நிற்பதற்கு இந்தக் கீற்றுகள்தான் காவல். ஒரு கீற்றில் யாருடையதோ விலா எலும்பின் நிழல் தெரிந்தது. காயிலுக்கு உள்ளே அவற்றைச் சுற்றிலும் செருகி, காயிலைத் தாங்கும் ஸ்பைடரையும் புதுக் கோனையும் ஒட்டி, மேலே கனம் வைத்தார். “ஒரு ராத்திரி காயணும். அவசரப்பட்டா திரும்பவும் உரசும்.”

எதற்காக இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் செய்தார்கள்? பரப்புக் கணக்குதான். 24 இஞ்ச் கோனுக்கு 12 இஞ்ச் கோனைப் போல நான்கு மடங்கு பரப்பு. ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்குக் காற்றை நான்கு மடங்கு தள்ள வேண்டும். ஆகவே 40 ஹெர்ட்ஸில் 12 இஞ்ச் அசையும் தூரமே, 20 ஹெர்ட்ஸில் 24 இஞ்சுக்குப் போதும். வால்வு ஆம்ப்ளிபயர்கள் சில பத்து வாட்களைக் கொடுத்த காலத்தில் இது ஒரு நல்ல வழி. எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் 30 இஞ்சே செய்தது. அந்த அளவில் காகிதக் கோன் வளைந்துவிடும் என்பதால் தெர்மகோல் வகையில் வார்த்த கோன் அதற்கு. 1974இல் ‘எர்த்க்வேக்’ படத்துக்காக வந்த சென்சரவுண்ட் ஒலிமுறையும் இதே தாழ்ந்த ஒலிப் பசிக்குப் பிறந்தது. நிலநடுக்கக் காட்சிகளில் திரையரங்கையே அதிரவைக்க செர்வின்-வேகாவின் பெரிய ஹார்ன் பெட்டிகளை அடுக்கினார்கள்.

இன்று நிலைமை வேறு. ஆயிரம் வாட் ஆம்ப்ளிபயரை ஒரு கையில் தூக்கலாம். புதிய 18 இஞ்சுகளில் பல, முன்னும் பின்னும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. பழைய ராட்சதன் சில மில்லிமீட்டர் ஓடித் தள்ளிய காற்றை இவையும் தள்ளிவிடும். பாயே சொன்னார்: “திருவிழாவுக்கு இது ஆவாது தம்பி. 18 இஞ்ச் பாக்ஸ் நாலும் ஒரே குட்டியானையில ஏறும். இதுக்குப் பெட்டி அடிச்சா பீரோ சைஸ்ல வரும், வாசல்ல நுழையாது.” அவர் சொல்வது சரி. பெரிது என்பதற்காக மட்டும் பழைய 24 இஞ்சை விலை கொடுத்து வாங்காதீர்கள். கிழிந்தால் கோன் கிடைப்பது அரிது.

ஆனால் மறுநாள் கேட்டதையும் சொல்ல வேண்டும். தற்காலிகப் பெட்டியில் பொருத்தி, ஒரு சிறிய ஆம்ப்ளிபயரில் தவில் ஒலிப்பதிவைப் போட்டார். தொப்பிப் பக்கத்து அடி விழுந்தபோது கோன் அசைந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை. கடையின் ஷட்டர் முனகியது. திணறலோ இரைச்சலோ இல்லை, தோல் அதிர்ந்து அடங்குவது வரை தெளிவாகக் கேட்டது. ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளப் பெரிய அறையும், அடங்கிய சத்தத்தில் கேட்கும் பழக்கமும் உள்ளவருக்கு இது இன்றும் முதல்தரமான கருவி என்பது என் முடிவு.

வைத்திருப்பவர்களுக்கு பாய் சொன்ன ஒரு வேலை: வருஷத்துக்கு ஒருதரம் போல்ட்டைக் கழற்றி, ஸ்பீக்கரின் மேல்பக்கம் கீழே வரும்படி திருப்பி மாட்டுங்கள். தொங்கிய கோன் மறுபக்கம் இறங்கிச் சமநிலைக்கு வரும். உரசல் கேட்டால் ஓட்டாதீர்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால், காயில் கட்டத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.