“நீர்க்கட்டிதானே!”

“நீர்க்கட்டிதானே… இப்ப எந்தப் பொண்ணுக்குத்தான் இல்ல?”

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த அத்தை அப்படித்தான் சொன்னார். மேலூர் பக்கத்துக் கிராமத்தில், களையெடுக்கும் வேலைக்குப் போகும் அந்த 34 வயதுப் பெண்ணும் நம்பிவிட்டார். கட்டிகள் இருந்தது சினைப்பையில் அல்ல, இரண்டு சிறுநீரகங்களிலும்.

ரெண்டுக்கும் ஊரில் ஒரே பெயர். அந்தக் குழப்பத்திலேயே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. விலா வலித்தால் மெடிக்கலில் வலி மாத்திரை. அடிக்கடி போட்டால் சிறுநீரகத்தையே பதம் பார்க்கக்கூடிய மாத்திரை அது! கல்லாக இருக்குமோ என்று வாழைத்தண்டுச் சாறும் குடித்துப் பார்த்தார்.

ஒருநாள் சிறுநீரில் ரத்தம். பயந்துபோய் மதுரைக்கு பஸ் ஏறினார். அரசு ராஜாஜி மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “அப்பா எதனால இறந்தார்?”

“பிரஷர் சார். கடைசியில முகம், காலெல்லாம் வீங்கிப்போச்சு.”

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு. ஆண், பெண் வித்தியாசமில்லை. பல வருடங்கள் சத்தமே காட்டாது. ரத்தக்கொதிப்புதான் பலருக்கு முதல் அறிகுறி. கண்டுபிடிக்கப் பெரும்பாலும் வயிற்று ஸ்கேனே போதும். குடும்பத்தில் நோய் இருந்து, 15 முதல் 39 வயதுக்குள் 3 கட்டிகள் தெரிந்தாலே உறுதி செய்துவிடுவார்கள்.

கட்டிகளைக் கரைக்க மருந்து கிடையாது. வளரும் வேகத்தைக் குறைக்க டோல்வாப்டான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவராது, கல்லீரலையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். இவருக்கு பிரஷர் மாத்திரை, உப்புக் குறைப்பு. ஊறுகாய் இல்லாமல் பழைய சோறு இறங்குமா என்ன? சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ், மாற்று அறுவை சிகிச்சை. இரண்டுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு.

“கூடப்பிறந்தவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டர். அங்கேதான் வீட்டில் சண்டை.

“தம்பிக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம். வெளிய தெரிஞ்சா யாரு குடுப்பா?” என்று அழுதார் அம்மா.

தம்பிதான் வாயைத் திறந்தான். “நாளைக்கு அக்காவுக்கு கிட்னி குடுக்கணும்னா நான்தானம்மா நிக்கணும்? எனக்கே இருந்தா?”

இருந்தது. இடதில் 3, வலதில் 2. பிரஷர் 150-க்கு மேல். 27 வயது.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பெண் வீட்டில் தானே பேசிக்கொள்கிறேன் என்கிறான். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.