பாலத்துக்கு அப்பால்

அலபாமா மாநிலத்தின் செல்மாவிலிருந்து தலைநகர் மான்ட்கோமரிக்கு 80-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக 54 மைல். காரில் ஒரு மணி நேரம். 1965 மார்ச்சில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களுக்கு ஐந்து நாள் பிடித்தது. சாலையின் இரண்டு முனைகளையும் உலகம் படத்தில் பார்த்திருக்கிறது. நடுவில் கிடக்கும் லவுண்ட்ஸ் கவுண்ட்டியைப் பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. நான் செல்மாவில் வளர்ந்தேன். அம்மா லவுண்ட்ஸில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் நர்ஸாக இருந்தார். அதனால் எனக்கு இந்த நடுப்பகுதி மீதுதான் உரிமையும் கோபமும்.

பயணம் தொடங்குவது பிரவுன் சாப்பல் தேவாலயத்தில். செல்மா இருக்கும் டாலஸ் கவுண்ட்டியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர்கள் அப்போது சுமார் 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் ஏறக்குறைய 300 பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். வரிசையில் நின்றவர்களிடம் அரசியல் சட்டத்தில் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பெயர் கொடுக்கப் போனது தெரிந்தால் வேலை போகும். பக்கத்து ஊரான மேரியனில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட, எட்டு நாள் கழித்து அவர் இறந்தார். அந்தச் சாவுக்கு நியாயம் கேட்க ஆளுநரிடமே நடந்து போகலாம் என்ற பேச்சிலிருந்து பிறந்ததுதான் இந்த நடை.

தேவாலயத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி அலபாமா ஆறு, அதன் மேல் எட்மண்ட் பெட்டஸ் பாலம். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைத்தலைவரின் பெயர் அது, இன்னும் மாற்றப்படவில்லை. பாலம் நடுவில் மேடாக எழும்பியிருக்கும். ஏறும்போது எதிர்க்கரை தெரியாது. மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, இயக்கத் தலைவர்கள் ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் முன்னே நடக்க, சுமார் 600 பேர் அந்த மேட்டில் ஏறினார்கள். உச்சிக்கு வந்த பிறகுதான் கீழே சாலையை அடைத்து நின்ற காவலர்கள் கண்ணில் பட்டார்கள். கண்ணீர்ப்புகை, தடி, குதிரைகள். லூயிஸின் மண்டை உடைந்தது. உள்ளூர்ப் போராளி அமீலியா பாயின்டன் நினைவிழந்து தார்ச்சாலையில் விழுந்தார்.

எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டி அன்று பாலத்தில் இருந்தவர். ஒவ்வொரு மார்ச் மாதமும் முதல் வார இறுதியில் செல்மாவில் பாலம் கடக்கும் விழா நடக்கும். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது அவர்தான். அதிபர்கள் வரும் ஆண்டுகளில் ஊர் தாங்காது. எனக்குப் பிடித்தவை யாரும் வராத ஆண்டுகள். வறுத்த கெளுத்தி மீன் வாசம் ஆற்றங்கரை வரை வரும். தேவாலயப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளோடு வரிசை கட்டுவார்கள். பள்ளிக்கூட மேள வாத்தியக் குழு முன்னே போகும். பாட்டிக்கு முழங்கால் வீங்கியிருக்கும். சக்கர நாற்காலி கொண்டுவந்தால் கையசைத்து விலக்கிவிடுவார். ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருமுறை கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவார். உச்சியில் மட்டும் நீண்ட நேரம் நிற்பார். பின்னால் வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். "இங்கேதான் தெரிஞ்சது. திரும்பிப் பார்த்தேன், பின்னால அத்தனை பேரு. எப்படித் திரும்புறது?" என்பார். ஒருமுறை, "ஓடணும்னு தோணலையா பாட்டி?" என்று கேட்டேன். "ஓடினேனே. வீடு வரைக்கும் குதிரை துரத்திச்சு. ஆனா ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப வந்தேன்" என்றார். கீழே இறங்கியதும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், பாடுவார்கள், பிறகு வந்த வழியே ஊருக்குள் திரும்பிவிடுவார்கள். பாட்டி மட்டும் கிழக்கே நீளும் சாலையைப் பார்த்து, "இன்னும் ஐம்பது மைல் இருக்கு" என்பார். பேரணியில் ஒரு பகுதி தூரம் நடந்தவர் அவர்.

மார்ச் 21 அன்று நீதிமன்ற அனுமதியோடும் ராணுவப் பாதுகாப்போடும் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் சுமார் 3,200 பேர் கிளம்பினார்கள். பாலம் தாண்டினால் கிரெய்க் விமானப்படைத் தளம். 1977-இல் மூடப்பட்டது, அதோடு செல்மாவின் பிழைப்பும் சரிந்தது. இருவழிச் சாலையாக இருந்த லவுண்ட்ஸ் பகுதியில் 300 பேர் மட்டுமே நடக்கலாம் என்று நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் வரம்பு விதித்திருந்தார். கறுப்பின விவசாயிகள் தங்கள் நிலத்தில் இரவு தங்க இடம் கொடுத்தார்கள். மழை, சேறு. நான்காம் இரவு மான்ட்கோமரி விளிம்பில், செயின்ட் ஜூட் கத்தோலிக்க வளாகத்தில், சவப்பெட்டிகளை அடுக்கிப் போட்ட மேடையில் பாடகர் ஹாரி பெலஃபான்டே கூட்டி வந்த கலைஞர்கள் பாடினார்கள். 25-ஆம் தேதி சட்டமன்றத்தின் முன் 25,000 பேர். ஆளுநர் வாலஸ் வெளியே வந்து மனுவை வாங்கவில்லை. மான்ட்கோமரியைப் பற்றி நான் சொல்ல இவ்வளவு போதும். அதற்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

அன்று மாலை அதே சாலையில் வண்டிகள் எதிர்த்திசையில் ஓடின. நடந்து வந்தவர்களைச் செல்மாவில் இறக்கிவிட்டு மான்ட்கோமரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் டெட்ராய்ட்டிலிருந்து வந்த வயோலா லியூஸோ. வெள்ளைக்காரர், ஐந்து குழந்தைகளின் தாய். லவுண்ட்ஸில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்கள் அவரைக் காரில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காரில் இருந்த நால்வரில் ஒருவர் எஃப்.பி.ஐ.யின் ஒற்றர். சாலையோர மேட்டில் வயோலாவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதைச் சேதப்படுத்தினார்கள் என்பதால் இரும்பு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

1965 தொடக்கத்தில் லவுண்ட்ஸில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள்; அவர்களில் ஒரு வாக்காளர்கூட இல்லை. பேரணி கடந்துபோன பிறகு மாணவர் இயக்கத்தின் ஸ்டோக்லி கார்மைக்கேலும் தோழர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்ததும் மக்கள் பதிவு செய்தார்கள். நில உரிமையாளர்கள் அவர்களைக் குடிசைகளிலிருந்து விரட்டினார்கள். விரட்டப்பட்ட குடும்பங்கள் இந்த நெடுஞ்சாலை ஓரத்திலேயே கூடாரம் போட்டு இரண்டு ஆண்டுக்கும் மேல் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிகளுக்குச் சின்னம் வேண்டும் என்பது அலபாமா வழக்கம். இங்கே பிறந்த கட்சி கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தது. ஓக்லாண்டின் கருஞ்சிறுத்தைக் கட்சி அதை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. முதல் தேர்தலில் தோற்றார்கள். 1970-இல் அவர்களின் தலைவர் ஜான் ஹூலெட் கவுண்ட்டியின் ஷெரீஃப் ஆனார். பாலத்தை விடப் பெரிய வெற்றியாக நான் இதைத்தான் நினைக்கிறேன்.

ஆனால் வாக்கு கிடைத்த மண்ணில் கழிவுநீருக்கு வழி கிடைக்கவில்லை. அந்த மண்ணைப் பார்த்த முதல் நாளே, "இது நம்ம கோவில்பட்டிக் கரிசல்தான்" என்றார் அம்மா. கறுப்பு, ஒட்டும், தண்ணீரை உள்ளே விடாது. பருத்திக்கு நல்லது, செப்டிக் டேங்குக்கு ஆகாது. பொதுச் சாக்கடை பெரும்பாலான வீடுகளுக்கு எட்டவில்லை. இந்த மண்ணுக்கேற்ற தொட்டி அமைக்க 20,000 டாலருக்கு மேல் ஆகும். அதற்கு வழியில்லாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் குழாயை வீட்டுக்குப் பின்னால் நீட்டி விடுகிறார்கள். மழை பெய்தால் குளியல் தொட்டிக்குள்ளேயே கழிவு பொங்கும். குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு மருந்து கொடுத்துவிட்டு, "திரும்ப அதே முற்றத்துக்குத்தானே போகுதுங்க" என்று அம்மா காரில் புலம்புவார். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 55 பேரில் 19 பேருக்குக் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. உலகின் பணக்கார நாட்டில். குழாய் நீட்டியவர்களைக் கைது செய்வோம் என்று அதிகாரிகள் மிரட்டியதும் உண்டு. லவுண்ட்ஸில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஊருக்கு வெளியே காது திறந்தது.

2023 மே மாதம் மத்திய நீதித்துறை, மாநில சுகாதாரத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டது: தண்டிப்பதை நிறுத்த வேண்டும், தொட்டிகள் அமைக்கத் திட்டம் வகுக்க வேண்டும். 2025 மார்ச்சில், பாலத்தில் அடி விழுந்த அந்த ஞாயிறின் அறுபதாம் ஆண்டுக்காகப் பாலம் நிரம்பியது. ஏப்ரலில், அப்போது புதிதாகப் பதவியேற்றிருந்த மத்திய நிர்வாகம், பன்முகத்தன்மைக் கொள்கையின் பெயரால் செய்யப்பட்டது இது என்று சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மலத்தை மிதிக்காமல் முற்றத்தில் விளையாட ஒரு குழந்தைக்கு உள்ள உரிமையைச் சலுகை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். விழாவுக்கு வருகிற தலைவர்கள் பாலத்தின் அடியில் கார் ஏறித் திரும்பாமல் கிழக்கே முப்பது மைலுக்கு மேல் வர வேண்டும். ஹேன்வில் பக்கம் ஏதாவது ஒரு வீட்டின் பின்புறம் நின்று, அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பேசட்டும்.