பெட்டிக்கு வெளியே என்ன எழுதியிருக்கிறது?

எண்ணூர் விரைவுச் சாலையில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் பொழுதுபோக்கு ஒன்றுதான். பக்கத்தில் நிற்கும் கண்டெய்னர் லாரியைப் படிப்பது! நாலு எழுத்து, ஏழு எண், கீழே '22ஜி1' மாதிரி ஒரு குறியீடு. இருபது அடி, சாதாரண சரக்குப் பெட்டி என்று அர்த்தம். 'ஜி'க்குப் பதில் 'ஆர்' என்றால் குளிர்பதனப் பெட்டி. பூட்டைத் திறக்காமலே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

ஹாஸ்கெல் மொழியில் இதே வேலையைச் செய்வது வகை அறிவிப்பு. ஃபங்ஷனின் பெயர், பிறகு '::', பிறகு அது எதை வாங்கி எதைத் தரும் என்ற விவரம். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய என்பிடெல் பாடத்தைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான சங்கதி.

சரி, யாரோ எழுதிய பெரிய கோப்பு ஒன்று கையில் கிடைக்கிறது. அதிலிருந்து வகை அறிவிப்புகளை மட்டும் உருவ வேண்டும். எப்படி?

'கிரெப்' போட்டு '::' உள்ள வரிகளை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அறிவிப்பு அடுத்த வரிக்கு நீண்டால் வால் அறுந்துவிடும். கமெண்ட்டுக்குள் கிடக்கும் பழைய அறிவிப்பும் சேர்ந்து வரும். அறிவிப்பே எழுதாத ஃபங்ஷன் (ஹாஸ்கெலில் அதற்கும் அனுமதி உண்டு) வரவே வராது.

இன்னொரு வழி, கம்பைலரையே கேட்பது. ஹிண்ட்லி 1969-லும் மில்னர் 1978-லும் வெளியிட்ட முறைப்படி, உள்ளே நடப்பதை வைத்தே அது வகையைக் கண்டுபிடிக்கும். ஓகேமல் கம்பைலருக்கு '-ஐ' என்று ஒரு எழுத்து கொடுத்தால் போதும், கோப்பின் மொத்த வகைப் பட்டியலும் வந்து விழும். ஒரே நிபந்தனை, கோப்பில் பிழை இருக்கக் கூடாது. பிழை இருந்தால்? மறுபடி கிரெப்தான் கதி.

எழுதியிருப்பதை எடுப்பதற்கும் உள்ளே பார்த்துச் சொல்வதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? மணலியைக் கேளுங்கள். உர வகை என்று அறிவித்து இறக்கிய அம்மோனியம் நைட்ரேட், வெடிபொருள் வகை என்று சொல்லி 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. சுமார் 740 டன். அது மணலி சரக்குப் பெட்டக நிலையத்திலேயே வருடக்கணக்கில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகம் அதே ரசாயனத்தால் வெடித்த பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்து வயிற்றைக் கலக்கியது. அந்த மாதமே பெட்டிகள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின.

ஹாஸ்கெலில் அறிவிப்பும் உள்ளிருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். துறைமுகத்தில் யாராவது ஒருவர் சீலை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.