வெந்த சோறும் வெறுங்கையும்

சென்னையில் பயிற்சி முகாம் முடிந்த இரவு, நாங்கள் நான்கு பேர் ஒரு ஜப்பானிய உணவகத்துக்குப் போனோம். நால்வருமே தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துச் சேரிகளில் பிறந்தவர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வரும் ஜப்பானியர்களை நம்பி நடக்கும் கடை. கணவர் சமைக்கிறார், மனைவி பரிமாறுகிறார், மகள் கல்லாவில். விலைப்பட்டியலைப் பார்த்ததும் எழுந்து போய்விடலாமா என்றுதான் பேசிக்கொண்டோம். கடைசியில் ஆளுக்கு நான்கு துண்டு சுஷி என்று முடிவானது.

சுஷி என்றால் பச்சை மீன் என்று நினைக்கிறோம். உண்மையில் அது சோறு. வினிகர் கலந்த, கொஞ்சம் ஒட்டும் சோறு. ஆதியில் உப்பிட்ட மீனை வெந்த சோற்றுக்குள் பொதிந்து மாதக்கணக்கில் புளிக்கவைத்தார்கள். பிவா ஏரிப் பக்கம் ‘ஃபுனாசுஷி’யை இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். நெல்லும் நன்னீர் மீனும் சேர்ந்த ஊர்களின் உணவு. வயலில் நண்டும் நத்தையும் பொறுக்கித் தின்பவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேலி பேசப்பட்டவர்கள் நாங்கள். பக்கத்து மேசையில் வேகாத மீனைப் படமெடுத்துக் கொண்டாடியவர்களைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது.

ஆனால் எங்களை நிறுத்தியது மீன் அல்ல, கை. அவர் கையை நனைத்துக்கொண்டார். சோற்றை உள்ளங்கையில் உருட்டி, இரண்டு விரலால் அழுத்தி, மேலே மீனை வைத்து எங்கள் முன்னால் வைத்தார். கையுறை இல்லை. நாங்களும் கையாலேயே எடுத்துத் தின்றோம். அது யாருடைய கை என்று அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

டெல்டாவில் நாற்று நடுவதும் களையெடுப்பதும் எங்கள் பெண்களின் கைதான். அந்த நெல் பண்ணையார் வீட்டுக் குதிருக்கும் போகும், கோயில் மடைப்பள்ளிக்கும் போகும். நெல்லாக, அரிசியாக இருக்கும்வரை தீட்டில்லை. உலையில் வெந்து சோறானதும் அதே கை தீட்டாகிவிடுகிறது. சமூகவியல் வகுப்பில் சமைக்காத உணவு, சமைத்த உணவு என்று அட்டவணை போட்டுப் படித்தோம். எங்கள் வீடுகளில் அதற்கு அட்டவணை தேவைப்படவில்லை.

எங்களில் ஒரு தோழரின் அம்மா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். பதவி சமையலர், செய்வது காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும். பதினோரு வருடத்தில் சோற்றுக் கரண்டியை அவர் கையில் கொடுத்ததில்லை. எழுத்தில் உத்தரவு எதுவும் கிடையாது, அதனால் புகார் கொடுக்க ஒரு தாள்கூட இல்லை. 2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்ப்புக் கிளப்பி அவரை இடமாற்றமே செய்யவைத்தார்கள். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. அது செய்தியானது. கரண்டி மறுக்கப்படுவது செய்தியாவதில்லை.

இதை வைத்து ஜப்பானைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம், தோழர்களே. தோல், இறைச்சித் தொழில் செய்த புராகு மக்களை ஒதுக்கிவைத்த நாடு அது. 1871-ல் அந்தப் பிரிவினை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒதுக்கல் ஒழியவில்லை. 1922-ல் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கி அந்த மக்களே போராடினார்கள். அதற்குப் பிறகும், புராகு குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்த புத்தகங்களை நிறுவனங்கள் ரகசியமாக வாங்கிவந்தது 1975-ல் அம்பலமானது. வேலை கேட்டு வருபவரை ஊரை வைத்தே வடிகட்டத்தான் அந்தப் புத்தகம். ‘எந்த ஊரு?’ என்பதோடு நிற்காமல் ‘ஊருல எந்தத் தெரு?’ என்று கேட்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

கிளம்பும் முன் தோழர் சமையல்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் கையில் சோறு இருக்கும்போது ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். விடியற்காலை பேருந்து கும்பகோணம் தாண்டும்போது குரல்பதிவாகப் பதில் வந்தது. வேகாத மீனையா தின்னீங்க என்று முதலில் ஒரு திட்டு. பிறகு கொஞ்சம் இடைவெளி.

“அவரு கையாலேயே சோத்தப் புடிச்சு வைக்கிறாரா தம்பி? திங்கிறவங்க ஒண்ணும் சொல்லலியா?”