தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ரெக்கார்டர்

கிட்டார் பழக வரும் பிள்ளைகள் நாலு பாட்டு வாசித்துப் பாடத் தொடங்கியதும் அடுத்து விசாரிப்பது ரெக்கார்டரைத்தான். "ஏனுங்ண்ணா, வாங்கறதே வாங்கறோம், நாலு டிராக் இருக்கறதா வாங்கிப் போடலாமுங்களா?"

வேண்டாம் தம்பி என்றுதான் சொல்வேன். ஸூம் எச்4என் புரோ நல்ல கருவி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாலு டிராக்கை நிரப்ப வெளி மைக், ஸ்டாண்டு, கேபிள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் தன் வீட்டில் உட்கார்ந்து 'நெப்ராஸ்கா'வைப் பதிந்ததே நாலு டிராக் கேசட் கருவியில்தானே என்று விவரம் தெரிந்த பையன் மடக்குவான். வாஸ்தவம். அதிலும் முதலில் கிட்டாரும் குரலும் ஒரே மூச்சில் இரண்டு டிராக்கில் ஏறின, மற்றதெல்லாம் மேல்பூச்சு. ஆள் ஒருவர், கிட்டார் ஒன்று என்றால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் இரண்டு மைக் கருவி போதும். மிச்சத்துக்குக் காதை மூடும் ஹெட்ஃபோனும் கனமான ஸ்டாண்டும் வாங்கலாம்.

இந்த விலையில் ஸூம் எச்1என், டாஸ்கம் டிஆர்-05எக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு பெட்டியில் அச்சிட்ட எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். மைக்கில்தான் வித்தியாசம். ஸூமில் இரண்டு மைக்குகள் 90 டிகிரியில் குறுக்காக நின்று முன்பக்கத்தையே அதிகம் கேட்கும். டாஸ்கமுடையவை நாலாபக்கமும் கேட்கும். ஆகவே நான் முதலில் கேட்பது, வீடு எங்கே என்பதை.

சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் ஸூம். கருவியின் முதுகைத் தறிக்குடோன் பக்கம் திருப்பி வைத்தால் பட்டறைச் சத்தம் ஓரளவு பின்வாங்கும். தரை வழியாக ஏறிவரும் அதிர்வை எந்த மைக்கும் தடுக்காது. ஸ்டாண்டுக்கு அடியில் கனத்த துண்டை மடித்துப் போட வேண்டும். ஆனைமலைப் பக்கம் தோப்புக்குள் வீடு என்றால் டாஸ்கம். நாலாபக்க மைக்குக்கு வாயருகே போனாலும் குரல் குடம்போல் உப்பாது, கிட்டாரும் இயல்பாக வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பதிவதானால் இரண்டுக்குமே முடிவைத்த காற்றுறை வேண்டும். உடன் கிடைக்கும் பஞ்சுறை அந்தக் காற்றுக்குத் தாங்காது.

அடுத்தது, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட். கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தி, சுதி சேர்த்தபின், 82 ஹெர்ட்ஸில் பேசுகிறது. லோ-கட்டை 80இல் வைத்தால் லாரிச் சத்தமும் காற்றின் உறுமலும் குறையும், தந்தி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 120இல் வைத்தால் அந்தத் தந்தியின் வயிறு ஒட்டிப்போகும். டியூப்லைட் சோக் முனகுவது 100 ஹெர்ட்ஸில். அதே தந்தியில் மூன்றாம் கட்டையை அமுக்கினால் வரும் ஜி 98. இந்த இரண்டையும் எந்தப் பொத்தானாலும் பிரிக்க முடியாது. லைட்டை அணைத்துவிட்டுப் பாடுவது ஒன்றே வழி. மின்விசிறியையும்தான், சித்திரை மாதமாக இருந்தாலும்.

ஆட்டோ லெவலைக் கண்டிப்பாக அணைக்க வேண்டும். பாட்டு நின்ற இடைவெளியில் அது ஒலியளவைத் தானே ஏற்றி, தெருநாயைக்கூடப் பக்கவாத்தியமாக்கிவிடும். உச்சஸ்தாயியில் பாடும்போது அளவுமானி -12ஐ ஒட்டி நிற்கும்படி கையால் வைத்தால் போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு மணிக்கு ஒரு ஜிபி அளவுதான் பிடிக்கும். எம்பி3க்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. 2024இல் வந்த ஸூம் எச்1 எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்டில் பதிவதால் அளவு வைக்கும் வேலையே கிடையாது. மெதுவாக ஆரம்பித்துத் திடீரென்று உச்சத்துக்குத் தாவும் குரல்காரர்களுக்கு அது வரம். அறையின் எதிரொலியை அதுவும் குறைக்காது.

அறைக்கு நம்மூர் வைத்தியம் பவானி ஜமுக்காளம். சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, இரண்டாக மடித்து, பாடுபவருக்குப் பின்னால் தொங்கவிட்டால் வெற்றுச் சுவரின் கணகணப்பு அடங்கும். தாழ்ந்த ஒலிகளுக்கு அது போதாது. பஞ்சுமெத்தையை நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் கேட்கும்.

குரலுக்கும் கிட்டாருக்கும் சமநிலை தூரத்தால்தான் அமையும். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்து, எம். எஸ். விஸ்வநாதன் எடுபிடியாக நின்று தொழில் கற்ற காலத்தில், பாடகரையும் வாத்தியக்காரரையும் மைக்குக்கு முன்னும் பின்னும் நகர்த்தியே ஒலியைச் சமன்செய்தார்கள். நமக்கும் அதே கணக்குத்தான். கருவியை இரண்டடி தள்ளி, மார்பு உயரத்தில், மைக் கிட்டாரின் ஓட்டையைப் பார்க்காமல் பன்னிரண்டாம் கட்டையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். குரல் அமுங்கினால் நாலு விரல் உயர்த்தலாம். பதிந்து முடித்தபின் கணினியில் பிரித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம்; இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் ஏறியிருக்கும்.

பழைய கருவி வாங்குவதானால் ஹெட்ஃபோனைக் கையோடு கொண்டுபோங்கள். அளவை முக்கால்வாசி ஏற்றி, யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டு, இடது காது இரைச்சலும் வலது காது இரைச்சலும் ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இரைந்தால் அந்த மைக்கின் ஆயுள் முடிகிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.